கிண்டி, தரமணிப் பக்கம் பிஎச்.டி. சேர்ந்தால் தனிமையாகிவிடுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தென்மாவட்டத்தில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறீர்கள், கிண்டி பக்கம் முழுநேர பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டல் கிடைக்குமா என்று தெரியவில்லை. வெளியே அறை எடுத்தால் எந்தப் பகுதி நல்லது, ஃபெலோஷிப் (ஆய்வு உதவித்தொகை) பணம் போதுமா, சைக்கிள் கொண்டு வரலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரி இருக்கிறது: 'சென்னையில் எனக்கு யாரையும் தெரியாது, ஐந்து வருடம் எப்படிப் போகும்?' நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அறையும் சாப்பாடும் ஒரு மாதத்தில் ஒரு வழிக்கு வந்துவிடும். இந்தக் கேள்வி அப்படித் தீராது. அதனால் இதிலேயே அதிக நேரம் இருக்கப்போகிறேன், மற்றவற்றுக்கு இடையிடையே பதில் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2001-ல் கோவில்பட்டிப் பக்கமிருந்து இதே வட்டாரத்துக்கு வேதியியலில் ஆய்வு செய்ய வந்தவன். இப்போது ஒரு கல்லூரியில் சொல்லித்தருகிறேன். ஆறு பேர் என்னிடம் பிஎச்.டி. முடித்திருக்கிறார்கள். என் அனுபவம் முழுக்க ஆய்வகம் சார்ந்தது. வரலாறு, பொருளாதாரம், தமிழ் போன்ற துறைகளில் ஆய்வு செய்பவர்களோடு பல வருடப் பழக்கம் உண்டு, ஆனால் அவர்களுடைய நாளை நான் வாழ்ந்து பார்த்ததில்லை. நீங்கள் அந்தப் பக்கம் என்றால் நான் சொல்வதில் சிலவற்றைக் கொஞ்சம் மாற்றிப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

நீங்கள் வரப்போகும் இடத்தை முதலில் ஒரே பகுதியாகப் பாருங்கள். சர்தார் படேல் சாலையில் ஒரு பக்கம் அண்ணா பல்கலைக்கழகம். அதன் மூத்த கல்லூரியான கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளி வரைக்கும் போகிறது. அதை ஒட்டியே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். சாலையின் அந்தப் பக்கம் 1948-ல் வந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதற்குப் பக்கத்தில் 1959-ல் கிண்டிக் காட்டிலிருந்து இடம் பெற்று எழுந்த ஐ.ஐ.டி. அதைத் தாண்டிப் போனால் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா நூலகம். அடையாறு காந்தி நகரில் 1971-ல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். இத்தனையும் ஒரு சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்குள் இருக்கின்றன. இந்தியாவில் இப்படி நெருக்கமாக அமைந்த ஆய்வு வட்டாரங்கள் அதிகம் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதில், ஒரு வாயில், ஒரு காவலர். பக்கத்து மதிலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே ஐந்து வருடத்தை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தனிமை எப்போது வரும் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. முதல் வருடத்தில் அநேகமாக வராது. கோர்ஸ் வொர்க் இருக்கும், கூடச் சேர்ந்தவர்களோடு ஒரே வகுப்பில் உட்காருவீர்கள், தேர்வு இருக்கும், சேர்ந்து மெஸ்ஸுக்குப் போவீர்கள். எல்லாரும் புதிது என்பதால் எல்லாரும் பேசுவார்கள். கோர்ஸ் வொர்க் முடிந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துவிடும். ஒருவர் ஒளியியல் ஆய்வகத்துக்குள், இன்னொருவர் கணினி முன்னால், மூன்றாமவர் களப்பணிக்கு வெளியூர். இரண்டாம் வருடத்தின் நடுவிலிருந்து மூன்றாம் வருடத்தின் கடைசி வரை உள்ள காலம்தான் கடினமானது. அப்போது சொல்லிக்கொள்ள முடிவும் இருக்காது, எப்போது முடியும் என்ற கணக்கும் இருக்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் சித்தப்பா, அத்தை எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: 'இன்னும் எத்தனை வருஷம்?' பதில் தெரியாததால் ஊருக்குப் போவதே குறைந்துவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் வருடம் பாதியில் என் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, வருகைப் பேராசிரியராகப் பத்து மாதம் வெளிநாடு போய்விட்டார். மின்னஞ்சலுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பதில் வரும். அதே நேரத்தில் ஃபெலோஷிப் ஐந்து மாதம் வரவில்லை. நான் வளர்க்க வேண்டிய படிகம் வளரவில்லை, ஒவ்வொரு முறையும் பொடிப்பொடியாகத்தான் விழுந்தது. காலை ஒன்பதுக்கு லேபுக்குப் போவேன், இரவு பத்துக்கு அறைக்குத் திரும்புவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து நான் பேசியது டீக்கடை அண்ணனிடம் 'ஒரு டீ' என்ற இரண்டு வார்த்தைதான். அன்றைக்குப் பயமாக இருந்தது.

அதிலிருந்து வெளியே வந்தது எந்தத் திட்டத்தாலும் அல்ல. வேதியியல், இயற்பியல் ஆட்களுக்கு ஐ.ஐ.டி.க்குள் இருக்கும் 'ஸைஃப்' கருவி மையம் தெரிந்திருக்கும். வெளி நிறுவனத்தவர்களும் கட்டணம் கட்டி மாதிரிகளை அளந்து வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாடு முழுவதுமிருந்து ஸ்காலர்கள், அதாவது ஆய்வு மாணவர்கள், சின்னச் சின்னக் குப்பிகளோடு அங்கே வருவார்கள். அப்படிக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறு நிறுவனத்து ஸ்காலர் ஒருவர் என் குப்பியைப் பார்த்துவிட்டு, 'பீக்கரை எங்க வெச்சிருக்கீங்க?' என்று கேட்டார். வாக்குவம் பம்புக்குப் பக்கத்து மேசையில் என்றேன். 'அந்த அதிர்வுல எப்படிங்க பெருசா வளரும்? அசையாத, காத்து படாத அலமாரிக்கு மாத்துங்க. மேல மூடின தாள்ல ஓட்டையைக் குறைங்க, மெதுவா ஆவியாகட்டும்' என்றார். புத்தகத்தில் படித்த விஷயம்தான், என் மேசைக்கு அதைப் பொருத்திப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. கிளம்பும்போது, 'வியாழக்கிழமை சாயங்காலம் நாங்க நாலு பேர் ஒரு ரிசர்ச் பேப்பர் எடுத்துப் படிப்போம், வாங்க' என்று கூப்பிட்டார். போனேன். மூன்று நிறுவனங்களைச் சேர்ந்த ஐந்து பேராக அது நான்கு வருடம் நடந்தது. என் தீசிஸின் (ஆய்வேட்டின்) இரண்டு அத்தியாயங்களின் மூல யோசனை அந்த வியாழக்கிழமைகளில் பிறந்தது. என் கல்யாணத்துக்கு அந்த நால்வரும் கோவில்பட்டி வரை வந்தார்கள்.

இதை ஒரு ஆளின் அதிர்ஷ்டக் கதை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் எனக்குப் பிறகு வந்தவர்களைப் பார்த்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. தாக்குப்பிடித்தவர்களுக்குத் தன் லேபுக்கு வெளியே, முடிந்தால் தன் நிறுவனத்துக்கே வெளியே, வாரத்தில் ஒருநாள் போய் உட்கார ஓர் இடம் இருந்தது. இதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. லேபுக்குள் எல்லாருக்கும் ஒரே கைடு, ஒரே கருவி, ஒரே வரிசை. அங்கே நட்பு உண்டு, கூடவே ஒரு கணக்கும் உண்டு. வெளி ஆளிடம் அந்தக் கணக்கு இல்லை. 'எனக்கு இது புரியவில்லை' என்று அவரிடம் சொல்வது சுலபம். இது என் அனுமானம். ஆய்வு செய்து நிரூபித்ததல்ல, இருபது வருடம் பார்த்ததிலிருந்து சொல்வது.

இந்த வட்டாரத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், பழைய ஆட்கள் 'மேட்சயன்ஸ்' என்பார்கள், ஒரு வீட்டில் தொடங்கியது. 1950-களின் கடைசியில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திவந்தார். 1960 ஜனவரியில் சென்னை வந்த டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்த மாணவர்களைச் சந்தித்துப் பாராட்டினார். சென்னை மாநில அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் முயற்சி எடுத்தார், நேருவின் ஆதரவு கிடைத்தது, 1962 ஜனவரி 3 அன்று நிறுவனம் பிறந்தது. ஒரு வீட்டில் கூடிப் படித்தவர்கள் முதலில் வந்தார்கள். கட்டடமும் பணியிடமும் ஃபெலோஷிப்பும் அப்புறம் வந்தன.

இப்போது அந்த இடங்களுக்குள் எப்படிப் போவது? இந்த நிறுவனங்களில் நடக்கும் செமினார்களில் பெரும்பாலானவை வெளி ஆட்களும் வந்து கேட்கக்கூடியவை. இணையதளத்தில் வாரா வாரம் அறிவிப்பு வரும். வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி, 'இத்தனை மணி செமினாருக்கு வந்திருக்கிறேன்' என்றால் போதும். சில இடங்களில் முன்கூட்டிப் பெயர் கொடுக்கச் சொல்வார்கள், அன்றைக்கு நடத்துபவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டால் சிக்கல் இல்லை. முதல் இரண்டு மூன்று முறை யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள். அதற்கு மனம் தளர வேண்டாம். செமினார் முடிந்ததும் வெளியே டீயும் பிஸ்கட்டும் வைத்திருப்பார்கள், அந்தப் பதினைந்து நிமிடம்தான் முக்கியம். அங்கே நில்லுங்கள். பேராசிரியர்களைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், அதில் முண்ட வேண்டாம். உங்களைப் போலவே ஓரமாகக் கோப்பையோடு நிற்கும் ஸ்காலரிடம், 'நீங்கள் எந்த லேப்?' என்று கேளுங்கள்.

இதை வலியுறுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் காலத்தில் ஓர் ஆய்விதழ் வேண்டுமென்றால் அது இருக்கும் நூலகத்துக்குப் போயே ஆக வேண்டும். அதற்காகவே பக்கத்து வளாகங்களுக்குப் போனோம், ஜெராக்ஸ் வரிசையில் மனிதர்களைச் சந்தித்தோம். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. மாநிலப் பல்கலைக்கழக ஸ்காலருக்கு இது பெரிய நியாயம், நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் மதிலைத் தாண்டுவதற்கு எங்களுக்கு இருந்த கட்டாயம் உங்களுக்கு இல்லை. நீங்களாக முடிவு செய்துதான் போக வேண்டும்.

நூலகம் என்றதும் ஒன்று. அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறந்தது. அதில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் நிறைய வருவார்கள். தீசிஸ் எழுதும் மாதங்களில் என் மாணவர்கள் அங்கேதான் கிடப்பார்கள். யாரோடும் பேசாவிட்டாலும், கருத்தாகப் படித்துக்கொண்டிருக்கும் நூறு பேர் நடுவில் உட்கார்ந்திருப்பதே ஒரு துணை. தமிழ், சமூக வரலாறு சார்ந்த ஆய்வு என்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தை முதல் மாதமே போய்ப் பாருங்கள். கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் சேர்த்துவைத்த நூல்களிலிருந்து உருவானது அது. அங்கே இருக்கும் பணியாளர்கள் உங்கள் தலைப்பைக் கேட்டு நீங்கள் தேடாததையும் எடுத்துத் தருவார்கள்.

பணத்துக்கு வருகிறேன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது: ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு ஃபெலோஷிப் 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து மதிப்பீட்டில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். எனும் முதுநிலை ஃபெலோஷிப் 42,000. ஹாஸ்டல் கிடைக்காதவர்களுக்கு மத்திய அரசு விகிதப்படி வீட்டு வாடகைப்படியும் உண்டு. பிரதமர் ஆய்வு ஃபெலோஷிப் பெறுபவர்களுக்கு முதல் இரண்டு வருடம் 70,000, மூன்றாம் வருடம் 75,000, அப்புறம் 80,000. எந்த ஃபெலோஷிப்பும் இல்லாமல் சேர்ந்தவர்களும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் நிறைய இருக்கிறார்கள். ஒரே சாலையின் இரு பக்கத்தில், சில சமயம் ஒரே கருவியின் முன்னால், இத்தனை வேறுபட்ட வருமானம் உள்ளவர்கள் நிற்பார்கள். வார இறுதியில் 'எல்லாரும் வெளியே சாப்பிடப் போகலாம்' என்று ஒருவர் சொல்லும்போது இன்னொருவர் 'வேலை இருக்கு' என்று நழுவுவது பல நேரம் இதனால்தான். உங்களிடம் பணம் இருந்தால் இதைக் கவனியுங்கள். இல்லையென்றால், வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். டீக்கடையில் சந்திக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள், அநேகமாக ஒத்துக்கொள்வார்கள்.

ஃபெலோஷிப் தாமதமாக வரும் என்று நினைத்தே திட்டமிடுங்கள். எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது, அது நிதி தரும் அமைப்பையும் உங்கள் அலுவலகத்தில் காகிதம் நகரும் வேகத்தையும் பொறுத்தது. சேர்ந்த அன்றே அந்தப் பிரிவில் யார் உங்கள் கோப்பைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு படிவத்தையும் தேதியோடு நகல் எடுத்து வையுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு வீட்டிலிருந்தோ சேமிப்பிலிருந்தோ தாங்க முடியுமா என்று இப்போதே பேசிவிடுங்கள். தேசிய ஃபெலோஷிப்புகளில் பட்டியல் சாதி, பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்குத் தனித்தனித் திட்டங்கள் உண்டு. தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் முழுநேர ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை தருகிறது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

அறை. ஹாஸ்டல் கிடைத்தால், அறை சின்னதாக இருந்தாலும், முதல் இரண்டு வருடமாவது அங்கேயே இருங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. நள்ளிரவில் லேபிலிருந்து திரும்பும்போது எதிரே ஒரு முகம் வருவதற்கு மதிப்பு அதிகம். கிடைக்காவிட்டால் கோட்டூர், சைதாப்பேட்டை, தரமணி, வேளச்சேரி என்று தேடலாம். 2000-ல் டைடல் பார்க் வந்ததிலிருந்து ஐ.டி. சம்பளக்காரர்களோடு போட்டி போட்டுத்தான் இந்தப் பக்கம் ஸ்காலர்கள் அறை பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் தனியாக எடுக்காமல், சீனியர்கள் இருக்கும் வீட்டில் காலியாகும் ஓர் இடத்தைப் பிடிப்பது நல்லது. துறையில் சேரும் அன்றே இதைக் கேளுங்கள். வேளச்சேரியின் தாழ்வான தெருக்களில் 2015-லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, அங்கே தரைத்தளம் வேண்டாம். முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாதம்தான் என்கிறது. அதைச் சொல்லிக் குறைக்கக் கேட்கலாம். போக்குவரத்துக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம், அதே தடத்தில் கோட்டூர்புரம், திருவான்மியூர், தரமணி, வேளச்சேரி. நீங்கள் பெண் என்றால் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் 2021 மே முதல் பயணம் இலவசம். மதிலைத் தாண்டிச் செமினாருக்குப் போவதற்கு அது உண்மையிலேயே உதவும்.

கைடு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. நம் ஊரில் கைடை அப்பா, அம்மா ஸ்தானத்தில் வைத்துப் பழகுவது உண்டு. நல்ல கைடு கிடைத்தால் அது ஒரு வரம், என் கைடு திரும்பி வந்த பிறகு எனக்குச் செய்தவற்றை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் உங்கள் தலைப்பு, கையெழுத்து, பணம், வேலைக்கான பரிந்துரை, மன ஆறுதல் எல்லாம் ஒரே மனிதரிடமிருந்து வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒருவரின் ஒரு கோபம் உங்கள் மாதத்தையே கெடுத்துவிடும். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 விதிமுறைகள்படி ஒவ்வொரு ஸ்காலருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், பருவத்துக்கு ஒருமுறை அதன் முன் உங்கள் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி.க்குத் தனிச் சட்டம், அங்கே டி.சி. (டாக்டரல் கமிட்டி) என்பார்கள், வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். பலர் இதை ஒரு சடங்காக முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் குழுவில் இருக்கும் ஒரு வெளி உறுப்பினரிடமாவது வருடத்துக்கு இரண்டு முறை போய்ப் பேசுங்கள். கைடுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், மறைக்க வேண்டியதில்லை.

அதே விதிமுறைகளில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறு சிலவும் இருக்கின்றன. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு வருடம் உண்டு. பெண் ஸ்காலர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதிகளில் இதை எப்படி எழுதியிருக்கிறது என்பதை உங்கள் கையேட்டில் சரிபாருங்கள். பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படியான உள்ளகக் குழு எல்லா நிறுவனத்திலும் இருந்தாக வேண்டும். புகார் கைடு மேலேயே இருந்தாலும், விசாரணை நடக்கும்போது அவர் உங்கள் வேலையை மதிப்பிடாமல் நிறுத்திவைக்க யு.ஜி.சி.யின் 2015 விதிமுறைகள் இடம் தருகின்றன. இது பலருக்குத் தெரியாது. தெரியாததால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள், அல்லது விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மொழி பற்றியும் உங்களுக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது என்று உங்கள் எழுத்திலிருந்து ஊகிக்கிறேன். நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். செமினார்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். பெரிய நிறுவனங்களில் வங்காளம், கேரளம், வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அவரவர் மொழியில் கூடி உட்காருவார்கள், தமிழ் ஸ்காலர்கள் நாமும் அப்படித்தான். அது தப்பில்லை, களைத்த நேரத்தில் தாய்மொழியில் பேச ஆள் வேண்டும். அந்தக் கூட்டத்தோடு மட்டும் நின்றுவிடாமல் இருந்தால் போதும். கேள்வி கேட்கத் தயக்கமாக இருந்தால் நான் செய்ததைச் செய்து பாருங்கள்: பேச்சு நடக்கும்போதே கேள்வியை நோட்டில் முழு வாக்கியமாக எழுதிவைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் படியுங்கள். யாரும் குறைவாக நினைக்கவில்லை. ஆறு மாதத்தில் நோட்டு தேவைப்படவில்லை. சாதி, ஊர், படித்த கல்லூரியின் பெயர் இவற்றால் ஒருவரை எடைபோடும் வழக்கம் இந்த வளாகங்களுக்குள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது. அப்படி நடந்தால் உங்கள் மேல் தப்பு என்று நினைக்காதீர்கள், நம்பகமான ஒரு சீனியரிடம் அன்றே சொல்லுங்கள். நிறுவனத்தின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுத்தில் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மனம் மிகவும் சோர்ந்துபோகும் நாட்கள் வரலாம். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், லேபுக்குள் நுழையவே கால் வராமல் போனால், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால், அதைச் சோம்பேறித்தனம் என்றோ திறமைக்குறைவு என்றோ எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. வளாகத்தில் ஆலோசகர் இருந்தால் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, தமிழிலும் பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது. நான் மருத்துவன் அல்ல, இதற்கு மேல் சொல்லும் தகுதி எனக்கில்லை. என் மாணவர் ஒருவர் நான்காம் வருடம் ஒரு பருவம் விடுப்பு எடுத்துச் சிகிச்சை பெற்றுத் திரும்பி வந்து தீசிஸ் முடித்தார். அந்த விடுப்பு அவருடைய வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு பேச்சாகவே வரவில்லை.

வீட்டுக்கு என்ன சொல்வது என்றும் யோசித்து வையுங்கள். பிஎச்.டி. என்றால் என்ன என்று தெரியாத குடும்பத்திலிருந்து வருகிறீர்கள் என்றால், முதல் வருடத்திலேயே ஒருமுறை அப்பா அம்மாவை அழைத்துவந்து லேபையும் உங்கள் மேசையையும் காட்டுங்கள். என் அம்மா வந்து பார்த்துவிட்டு, 'இந்தக் கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவத்தான் இத்தனை வருஷமா?' என்று உண்மையாகவே கேட்டார். உட்காரவைத்து விளக்கினேன். அதற்குப் பிறகு ஊரில் யாராவது 'இன்னும் எத்தனை வருஷம்?' என்று ஆரம்பித்தால் அம்மாவே பதில் சொல்லிவிடுவார்.

சைக்கிள் கேட்டிருந்தீர்கள். கொண்டு வாருங்கள். வளாகங்களுக்குள் அதைவிட நல்ல வாகனம் இல்லை. சர்தார் படேல் சாலையில் மட்டும் காலை எட்டரை முதல் பத்தரை வரையும் சாயங்காலமும் ஓட்ட வேண்டாம், பேருந்துகள் ஒட்டி உரசிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் கோட்டூர்புரத்தின் உள்தெருக்கள் வழியாகச் சுற்றிப் போங்கள். ரயிலில் பார்சல் போடும்போது டயர் காற்றை இறக்கி, கைப்பிடியைத் திருப்பி இறுக்கிக் கட்டிக் கொடுங்கள். பூட்டு நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வாரம் வருகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். வேதியியல் என்றால் என் மாணவர்கள் இரண்டு பேர் இப்போதும் ஒரு வியாழக்கிழமைக் குழு நடத்துகிறார்கள், அவர்களிடம் சொல்லி வைக்கிறேன்.